கடையின் பின்னறையில் கிளம்பிய தும்மல்

இந்த வாரம் கொள்முதலையும் கடன் கொப்பியையும் சற்று ஒதுக்கி வைப்போம். பெல்மதுளைக்கு அப்பால் தோட்டப் பாதையோரம் கடை நடத்துபவன் நான். முன்னால் கடை, பின்னால் குடும்பம். நம்மில் பலரது நிலைமையும் இதுதானே.

என் இளைய மகளுக்கு மூன்று வருடமாக விடிந்தால் தும்மல், இரவானால் இழுப்பு. மருந்துக்குப் போன காசு கடையின் மின்சாரக் கட்டணத்தையும் தாண்டியது. கடைசியாகப் பார்த்த டொக்டர் மருந்து எழுதுமுன், "பிள்ளை எங்கே தூங்குகிறது?" என்று கேட்டார். அரிசி, செத்தல் மிளகாய் மூட்டைகளுக்கும் குசினிக்கும் நடுவிலுள்ள அறையில். ஜன்னல் உண்டு, கள்வனுக்குப் பயந்து ஆணி அடித்திருந்தேன்.

இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. சுவரெல்லாம் பூஞ்சணம். ஈரக் காற்றில் மெத்தைக்குள் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் பெருகும்; அவற்றின் எச்சமே ஒவ்வாமையைக் கிளப்புகிறது. ஆனால் என்னைச் சுட்டது நுளம்புச்சுருள்தான். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரட்டுகளுக்குச் சமம் என 2003இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அதைத்தான் அடைத்த அறையில் பிள்ளையின் தலைமாட்டில் கொளுத்தினேன். லயத்துச் சனங்களுக்கும் கடனுக்குக் கொடுத்தேன்.

ஆணியைப் பிடுங்கி ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்தேன். டெங்குப் பயமுள்ள ஊரில் சுருளை மட்டும் நிறுத்த முடியாது. மூட்டைகள் வேறு அறைக்குப் போயின. அடுப்புக்குப் புகைபோக்கி வைத்தோம். படுக்கை விரிப்பும் தலையணை உறையும் வாரமொருமுறை 60 பாகைச் சுடுநீரில். வியாழன் இரவுச் சாம்பிராணி இப்போது முற்றத்தில்; உம்மாவுக்கு அதில் இன்னும் மனக்குறை. மொத்தச் செலவு நாலு மாத மருந்துக் காசுக்குள் அடங்கியது. இழுப்பு முற்றாக நிற்கவில்லை, இன்ஹேலர் பக்கத்திலேயே இருக்கிறது. என்றாலும் இம்முறை மழைக்கு நள்ளிரவில் முச்சக்கர வண்டி தேடவில்லை.

லயத்தின் கதை வேறு. வெள்ளைக்காரன் காலத்துச் சின்ன அறை, அதற்குள்ளே விறகடுப்பு. வீட்டுப் புகையால் 2020இல் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அந்த அறையில் இருப்பவரிடம் ஜன்னலைத் திற என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நுளம்பு வலை எடுத்து வைத்தேன். சுருள் பத்துப் பெட்டி போனால் வலை ஒன்று போகிறது.

"எங்கே முதலாளி கட்டுறது?" என்று கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் கேட்டார். இப்போது வலையோடு நாலு கொக்கியும் கயிறும் சேர்த்துக் கொடுக்கிறேன்.