நேருக்கு நேர் பேசாமலே முடிந்த பேச்சுவார்த்தை

1979 நவம்பர் 4 அன்று தெஹ்ரானிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஈரானிய மாணவர்கள் புகுந்தனர். நாட்டைவிட்டு ஓடிய மன்னர் ஷாவை அமெரிக்கா சிகிச்சைக்கு அனுமதித்ததே கோபத்துக்குக் காரணம். கோபம் நியாயமானதுதான். ஆனால், எதிரியின் தூதருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்பது நபி (ஸல்) அவர்கள் கடைப்பிடித்த நெறி என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

பிணைக் கைதிகளில் 52 பேர் 444 நாள்கள் அடைபட்டுக் கிடந்தனர். அமெரிக்கா ஈரானின் சொத்துகளை முடக்கியது. 1980 ஏப்ரலில் உறவையும் முறித்தது. அதன்பின் வாஷிங்டனில் ஈரானின் நலன்களைக் கவனித்தது அல்ஜீரியத் தூதரகம். அமெரிக்காவுடன் நேரடியாகப் பேச ஈரான் மறுத்தபோது, இரு தரப்பும் நம்பிய நாடாக அல்ஜீரியா நடுவே வந்தது அப்படித்தான்.

இந்தப் பணிக்குத் தலைமை ஏற்றவர் அல்ஜீரிய வெளியுறவு அமைச்சர் முஹம்மது சித்தீக் பின்யஹ்யா. பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றுத் தந்த எவியான் பேச்சுவார்த்தையில், இளம் வயதிலேயே பங்கேற்றவர். அவருடைய குழுவில் இருந்த மூவர் வாஷிங்டன் தூதர், தெஹ்ரான் தூதர், அல்ஜீரிய மத்திய வங்கியின் ஆளுநர். வங்கியாளருக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றலாம். உண்மையில் சிக்கலின் பாதி பணம்தான்.

கைதிகளை முதலில் விட்டால் பணம் வராது என்று ஈரான் அஞ்சியது. பணத்தை முதலில் கொடுத்தால் கைதிகள் வரமாட்டார்கள் என்று அமெரிக்கா அஞ்சியது. இதற்கு வழி கண்டார்கள். ஏறக்குறைய 800 கோடி டாலர், லண்டனிலுள்ள இங்கிலாந்து வங்கியில் அல்ஜீரிய மத்திய வங்கியின் பெயரில் போடப்பட்டது. கைதிகள் ஈரானைவிட்டு வெளியேறினர் என்று அல்ஜீரியா சான்றளித்ததும் பணம் விடுவிக்கப்படும். அதில் பெரும்பகுதி வங்கிக் கடன்களுக்கே போனது. ஈரான் கைக்கு உடனே வந்தது 300 கோடிக்கும் குறைவு.

ஆவணத்தின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. அது இரு நாடுகள் ஒருவரோடொருவர் செய்துகொண்ட உடன்படிக்கையாக எழுதப்படவில்லை. அல்ஜீரிய அரசின் பிரகடனமாக எழுதப்பட்டு, இரு நாடுகளும் தனித்தனியே ஏற்றுக்கொண்டன. எதிரியின் முகம் பார்க்காமலே, யாருடைய மானமும் போகாமல் காரியம் முடிந்தது. மீதமுள்ள பண வழக்குகளுக்காக ஹேக் நகரில் அமைந்த தீர்ப்பாயம் நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் இயங்கியது.

1981 ஜனவரி 20 அன்று, ரீகன் அதிபராகப் பதவியேற்ற சிறிது நேரத்தில், அல்ஜீரிய விமானங்கள் கைதிகளோடு தெஹ்ரானிலிருந்து கிளம்பின. அதுவரை இரவு பகலாக இதற்கே அலைந்த கார்ட்டருக்கு, பதவியில் இருக்கையில் அந்தச் செய்தியைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

பின்யஹ்யா அதோடு ஓய்ந்துவிடவில்லை. 1975-இல் அல்ஜியர்ஸில் ஈரானும் ஈராக்கும் செய்துகொண்ட எல்லை ஒப்பந்தத்தை 1980 செப்டம்பரில் சதாம் ஹுசைன் தூக்கியெறிந்து போரைத் தொடங்கியிருந்தார். இரு முஸ்லிம் நாடுகளிடையே சமாதானம் பேச 1982 மே 3 அன்று அவர் தெஹ்ரானுக்குப் புறப்பட்டார். துருக்கி - ஈரான் எல்லையருகே ஓர் ஏவுகணை அவருடைய விமானத்தை வீழ்த்தியது. உடன் சென்ற குழுவினரும் உயிரிழந்தனர். அதை ஏவியது ஈராக்கியப் போர் விமானம் என்று அல்ஜீரிய விசாரணை கூறியது, ஈராக் பொறுப்பேற்கவில்லை.

போர் அதற்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் நடந்தது.