பாடத்துக்கும் ஒரு பரீட்சை

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுவதைக் கரையில் நின்று நாள் முழுதும் பார்த்தாலும் நமக்குத் துடுப்புப் போட வராது. கணிப்பொறிக்கு நிரல் எழுதுவதும் அப்படித்தான். பிறர் எழுதுவதைத் திரையில் பார்க்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். தனியே எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே தடுமாறுவோம். அப்படியானால், நிரல் எழுதக் கற்பிக்கும் கணிப்பொறிப் பாடம் எப்படி அமைய வேண்டும்?

பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் உருவான 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 நிமிடம். பல பாடங்களுக்குத் தமிழ் விளக்கமும் உண்டு. திரையில் உள்ள கட்டளைகள் ஆங்கிலத்திலேயே இருக்கும். அரூரிலோ பென்னாகரத்திலோ தமிழ்வழியில் படிக்கும் மாணவருக்கு இதனால் இரட்டைப் பயன். விளக்கம் தாய்மொழியில் புரிகிறது. பின்னர் வேலையில் தேவைப்படும் ஆங்கிலக் கட்டளைகளும் பழகிவிடுகின்றன. சற்றுக் கேட்டு, பாடத்தை நிறுத்தி, அதையே தாமும் செய்து பார்த்த பிறகு மேலே செல்வதுதான் இங்கு கற்கும் முறை.

ஏன் நிறுத்த வேண்டும்? ஒரு சிறு சோதனை செய்வோம். பைத்தான் மொழியில் 'ரேஞ்ச்' என்னும் கட்டளைக்கு 1, 5 என்ற இரு எண்களைக் கொடுத்து, கிடைக்கும் எண்களை வரிசையாக அச்சிடச் சொல்கிறோம். என்ன வரும்? விடையை முதலில் தாளில் எழுதுங்கள். 1 முதல் 5 வரை என்றுதானே எழுதினீர்கள்? கணிப்பொறி 1, 2, 3, 4 என்பதோடு நின்றுவிடும்! 5 என்பது எல்லை; அதற்கு முன்பே எண்ணிக்கை முடிந்துவிடுகிறது. காதால் மட்டும் கேட்டிருந்தால் மறந்துபோகும் இச்செய்தி, ஊகம் தவறியதால் மனத்தில் பதிகிறது. இயற்பியல் சோதனையிலும் முதலில் ஊகம், பிறகு அளவீடு அல்லவா?

பாடம் எழுதுகிறவருக்கும் ஒரு பரீட்சை உண்டு. நன்கு அறிந்தவர், தமக்குப் பழகிப்போன சிறு படிகளைச் சொல்லாமல் தாண்டிவிடுவார். நிரலைச் சேமித்த பிறகே இயக்க வேண்டும் என்பதைக்கூட விட்டுவிடலாம். ஆகவே ஸ்போக்கன் டுடோரியல் பாடத்தை ஒலிப்பதிவு செய்யுமுன், அப்பொருளை அறியாத புதியவர் ஒருவர் அதன் எழுத்து வடிவத்தைப் படித்துச் செய்து பார்க்கிறார். அவர் திகைக்கும் இடத்தில் விளக்கம் போதவில்லை என்று பொருள்.

எனவே, பாடத்தின் நடுவே தடுமாறினால் 'நமக்கு இது வராது' என்று விலகிவிடாதீர்கள். அங்கே ஒரு படி விடுபட்டிருக்கலாம். அந்த இடத்தைச் சுட்டிக்காட்டி ஆசிரியரிடம் கேளுங்கள்.

நீங்களும் பாடம் அமைத்துப் பார்க்கலாமே! தெரிந்த ஒரு சிறு நிரலைப் பத்து வரிகளில் விளக்கி எழுதி, அதை அறியாத நண்பரிடம் கொடுங்கள். வாய் திறக்காமல் அருகில் அமர்ந்து கவனியுங்கள். அவர் தயங்கும் வரியைக் குறித்துக்கொண்டு, அதைத் திருத்தி எழுதுங்கள்.