புதிய பதிப்பைப் போட்ட பிறகும் பழைய மென்பொருளே திறக்கிறதா? ஆவணங்களை இழக்காமல் சரிசெய்யும் வழி

2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் காணாமற்போனோர் பற்றிய முறைப்பாடுகளைப் பெற அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழு, 2018இல் செயற்படத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். வடக்கு, கிழக்கில் பல குடும்பங்கள் ஒரே உறவைத் தேடி இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதின. காணி விடுவிப்புக்கும் இழப்பீட்டுக்கும் எழுதிய கடிதங்கள் வேறு. இவற்றில் பலவற்றின் கணினிப் பிரதிகள் இன்னமும் வீட்டுக் கணினியிலோ, சங்க அலுவலகத்திலோ, தட்டச்சு செய்து தந்த கொமினிகேஷன் கடையிலோதான் இருக்கின்றன.

அந்தக் கணினியில் யாரோ புதிய மென்பொருளைப் போட்டுத் தருகிறார்கள். ஆனால் கடிதத்தை இரண்டு தடவை கிளிக் செய்தால் பழைய மென்பொருளே திறக்கிறது. 'திறந்தால் போதும்தானே' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பிரச்சினை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பழையது ஏன் போகவில்லை?

மென்பொருளை மேம்படுத்துவது இரண்டு விதமாக நடக்கும். சில மென்பொருள்கள் பழையதை நீக்கிவிட்டு அதே இடத்தில் அமரும். வேறு சில, பழையதைத் தொடாமல் அதன் அருகில் தனியாக அமரும். இரண்டாவது வகையில் கணினியில் இரண்டு மென்பொருள்கள் இருக்கும். நீங்கள் கிளிக் செய்வது எந்த வழியைக் காட்டுகிறதோ, அதுதான் திறக்கும்.

இலவசமாகக் கிடைக்கும் ஓபன் ஒபிஸ், லிப்ரே ஒபிஸ் இரண்டும் இதற்கு நல்ல உதாரணம். 2010இல் ஓபன் ஒபிஸில் இருந்து பிரிந்து உருவானதே லிப்ரே ஒபிஸ். இரண்டும் பார்வைக்கு ஒத்திருப்பதால், ஒன்று மற்றதன் புதிய பதிப்பு என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை இரண்டு வெவ்வேறு மென்பொருள்கள். லிப்ரே ஒபிஸை நிறுவினாலும் ஓபன் ஒபிஸ் தானாக அகலாது.

ஒரே பெயரில் இரண்டு கடிதங்கள்

புதிய வேர்ட் மென்பொருள்கள் கடிதங்களை 'டொக்ஸ்' என்ற வடிவத்தில் சேமிக்கின்றன. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த வடிவம் அது. ஓபன் ஒபிஸால் அதைத் திறக்க முடியும். ஆனால் அதே வடிவத்தில் சேமிக்க முடியாது. 'ஓடிடி' போன்ற வேறொரு வடிவத்தில்தான் சேமிக்கும்.

ஒரு தாயின் முறைப்பாட்டில் மகனின் அடையாள அட்டை இலக்கத்தைத் திருத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திருத்தம் புதிய கோப்பில் போய்ச் சேரும். பழைய கோப்பு பிழையான இலக்கத்துடன் அப்படியே இருக்கும். விண்டோஸ் வழமையாகக் கோப்பின் வடிவத்தைக் குறிக்கும் கடைசி எழுத்துகளை மறைத்து வைப்பதால், இரண்டும் ஒரே பெயருடன் அருகருகே கிடக்கும். அடுத்த முறை பிரதி எடுப்பவர் எதைத் திறப்பார்? பிழையான இலக்கத்துடன் ஒரு முறைப்பாடு போய்விட்டால், அதைத் திருத்த அந்தத் தாய் இன்னொரு தடவை பஸ் ஏற வேண்டும்.

முதலில் உறுதிசெய்யுங்கள்

திறந்திருப்பது எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்பதை 'ஹெல்ப்' பட்டியலில் உள்ள 'அபௌட்' காட்டும். புதிய வேர்ட் என்றால் 'பைல்' பட்டியலில் 'அக்கவுண்ட்' பகுதியைப் பாருங்கள்.

மேலே 'கம்பட்டிபிலிட்டி மோட்' என்று தெரிந்தால் பழைய மென்பொருள் திறந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். புதிய மென்பொருள் பழைய வடிவக் கோப்பைத் திறந்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

எங்கே சரிசெய்வது?

டெஸ்க்டொப்பில் உள்ள ஐகொன்: அது மென்பொருள் அல்ல, மென்பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் குறுக்குவழி. வலது கிளிக் செய்து 'புரொபர்ட்டீஸ்' சென்றால் எந்த இடத்தைக் காட்டுகிறது என்று தெரியும். பழையதைக் காட்டினால் அந்த ஐகொனை அழித்துவிடலாம். மென்பொருளுக்கோ கடிதங்களுக்கோ எதுவும் ஆகாது. கீழ்ப்பட்டையில் பொருத்திய ஐகொனையும் இப்படியே மாற்ற வேண்டும்.

கோப்பைக் கிளிக் செய்யும்போது: கோப்பில் வலது கிளிக் செய்து 'ஓபன் வித்', பிறகு 'சூஸ் அனதர் அப்' செல்லுங்கள். புதிய மென்பொருளைத் தெரிந்து, எப்போதும் இதையே பயன்படுத்து என்பதற்கான 'ஆல்வேஸ்' தெரிவைக் கொடுங்கள். 'டொக்', 'டொக்ஸ்', 'ஓடிடி' என ஒவ்வொரு வடிவத்துக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்றுக்குச் செய்துவிட்டு, 'மற்றது இன்னும் பழையதில் திறக்கிறதே' என்று குழம்புவது இங்குதான்.

பின்னணியில் ஓடும் மென்பொருள்: ஓபன் ஒபிஸ் வேகமாகத் திறப்பதற்காக, கணினி தொடங்கும்போதே திரையின் மூலையில், கடிகாரத்தின் அருகில் வந்து அமர்ந்திருக்கக்கூடும். அதை மூடிவிட்டு, கணினியை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள்.

பழையதை அகற்றும் முன்

'பழையதை அழித்துவிட்டால் முடிந்தது' என்பது பலர் சொல்லும் ஆலோசனை. அகற்றத்தான் வேண்டும். பழைய மென்பொருள்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும். மைக்ரோசொப்ட் ஒபிஸ் 2010க்கு அவை 2020 ஒக்டோபரிலும், 2016, 2019 பதிப்புகளுக்கு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியும் நின்றுபோயின. ஆனால் அகற்றுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

முதலில் எல்லாக் கடிதங்களையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுங்கள். பிறகு 'வியூ' பட்டியலில் 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தெரிந்து, மறைந்திருக்கும் கடைசி எழுத்துகளை வெளியே கொண்டுவாருங்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால் கடைசியாகத் திருத்திய திகதியைப் பாருங்கள். அத்துடன் நின்றுவிடாமல், இரண்டையும் திறந்து பெயர், திகதி, இலக்கங்களை ஒப்பிடுங்கள். சரியான பிரதியின் பெயரோடு அன்றைய திகதியைச் சேர்த்துச் சேமியுங்கள்.

பழைய கடிதங்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். பழைய மென்பொருளை அகற்றினால் அந்த எழுத்துரு போய்விடாது. அது விண்டோஸில் தனியாக இருக்கிறது. ஆனால் பாமினி இல்லாத வேறு கணினியில் அதே கடிதம் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்து தெரியும். ஆகவே எழுத்துருக் கோப்பையும் பென் டிரைவில் போடுங்கள். முக்கியமான கடிதங்களை பிடிஎப் ஆகவும் சேமியுங்கள். அது எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும்.

இவை முடிந்து, புதிய மென்பொருளில் எல்லாம் சரியாகத் திறக்கிறது என்று கண்ட பிறகு, 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஆப்ஸ்' சென்று பழையதை அகற்றலாம். கணினியைக் கடையில் கொடுத்துச் செய்விப்பவர்கள், பென் டிரைவ் பிரதி கையில் கிடைக்கும்வரை எதையும் அழிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.