‘முந்திரிக்கொட்டை’ மாணவர்களைப் புரிந்துகொள்வோம்

கேள்வியை நாம் முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடும் மாணவர் ஒருவர் ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் இருப்பார். “சார், நான் சார்!” என்று பெஞ்சிலிருந்து பாதி எழுந்து நிற்பார். பல நேரங்களில் பதில் தெரிந்திருக்காது. ஆனாலும் கை உயர்ந்திருக்கும். சாக்பீஸ் தீர்ந்துவிட்டால் எடுத்துவர முதலில் ஓடுபவர் அவர்தான். மைதானத்தில் ஒரு குழந்தை விழுந்தால் தூக்கி நிறுத்துபவரும் அவரே. அங்கே நடக்கும் சண்டையில் பெயர் அடிபடுபவரும் அவரே.

இவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் பல. முந்திரிக்கொட்டை, வாலு, அடங்காதவன், வாயாடி. சிரித்துக்கொண்டே சொன்னாலும் இந்தச் சொற்கள் சொன்ன இடத்தில் நிற்பதில்லை. ஏப்ரலில் ஆசிரியர் அறையில் பேசியது ஜூன் மாதத்தில் அடுத்த வகுப்பாசிரியரின் காதுக்குப் போய்ச் சேர்கிறது. குழந்தையைப் பார்ப்பதற்கு முன்பே அதற்கு வைத்த பெயரை அவர் கேட்டுவிடுகிறார். ஆகவே இந்த மாணவர்களின் இயல்பு என்ன, அது எங்கே கற்றலுக்கு உதவுகிறது, எங்கே இடறுகிறது என்று நாம் தெளிவாக அறிந்திருப்பது அவசியம்.

உளவியல் என்ன சொல்கிறது?

பி.எட். வகுப்பில் நாம் அனைவரும் படித்த பெயர்தான் கார்ல் யுங். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இவர் 1921இல் வெளியிட்ட ‘உளவியல் வகைகள்’ என்ற நூலில் அகமுகம், புறமுகம் என்னும் இரு போக்குகளை விளக்கினார். ஒருவரது மன ஆற்றல் தன் எண்ணங்களை நோக்கித் திரும்புகிறதா, வெளியே உள்ள மனிதர்களையும் பொருள்களையும் நோக்கிப் பாய்கிறதா என்பதே அவர் கண்ட வேறுபாடு. பின்னர் அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ், அவருடைய மகள் இசபெல் மையர்ஸ் ஆகிய இருவரும் யுங்கின் கருத்தை விரித்து, மனிதர்களை 16 வகைகளாகப் பிரிக்கும் வினாநிரல் ஒன்றை உருவாக்கினார்கள். மனிதர்களோடு கலந்து பழகுபவர், கண்ணால் கண்டதையும் கையால் தொட்டதையும் நம்புபவர், திட்டமிட்டுக் காத்திராமல் உடனே இறங்கிச் செய்பவர் என்ற வருணனை அந்த 16 வகைகளில் சிலவற்றுக்குப் பொருந்தும். நம் முந்திரிக்கொட்டைகள் இந்த வருணனைக்குள் வருபவர்கள்.

ஆனால் ‘வகை’ என்ற சொல்லை நாம் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். அந்த வினாநிரலுக்கு ஒருவரே சில வாரங்கள் கழித்து மீண்டும் விடையளித்தால் வேறு வகையில் போய் விழுவதும் உண்டு. அதனால் இன்றைய ஆளுமை ஆய்வாளர்கள் பலரும் வகைகளைவிடக் கூறுகளையே முக்கியமாகக் கருதுகிறார்கள். புறமுகத்தன்மை என்பது உயரத்தைப் போன்றது. உலகில் உள்ளவர்கள் எல்லாரும் நெட்டை அல்லது குட்டை என்று இரண்டாகப் பிரிந்து கிடப்பதில்லை. பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள். நாம் பேசிக்கொண்டிருப்பது அந்த அளவுகோலின் ஒரு முனைக்கு அருகில் இருக்கும் குழந்தைகளைப் பற்றி.

ஏன் சிலர் அந்த முனையில் இருக்கிறார்கள்? இங்கிலாந்தில் பணியாற்றிய ஹான்ஸ் ஐசென்க் 1967இல் ஒரு விளக்கம் தந்தார். புறமுகத்தன்மை மிகுந்தவர்களின் மூளை அமைதியான சூழலில் குறைந்த கிளர்வு நிலையில் இருக்கிறது. அதைச் சரிக்கட்டவே அவர்கள் பேச்சையும் அசைவையும் புதுமையையும் தேடுகிறார்கள் என்றார் அவர். பின்னர் வந்த ஆய்வுகள் இதை முழுமையாக உறுதிப்படுத்தவில்லை. எனினும், பிற்பகல் ஆறாம் பாடவேளையில் அமைதியாக உட்கார்ந்து குறிப்பெடுக்கச் சொன்னதும் காலை ஆட்டவும் பேனாவைச் சுழற்றவும் தொடங்கும் மாணவரை வேறு கண்ணோடு பார்க்க இது உதவும். நம்மை எரிச்சலூட்டுவது அவர் நோக்கமாக இல்லாமல் இருக்கலாம். விழிப்போடு இருக்க அவர் உடல் முயல்வதாகவும் இருக்கலாம்.

இன்னொரு முக்கியமான ஆய்வு நியூயார்க்கில் 1956இல் தொடங்கியது. அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதியர் குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சுறுசுறுப்பின் அளவு, புதியவற்றை நெருங்குதல் அல்லது விலகுதல், கவனச் சிதறல் என ஒன்பது இயல்புகளில் குழந்தைகள் தொடக்கத்திலிருந்தே வேறுபடுகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். அவர்கள் வலியுறுத்திய கருத்து ‘பொருத்தம்’. ஓர் இயல்பு தன்னளவில் நல்லதோ கெட்டதோ அல்ல. குழந்தையின் இயல்புக்கும் சூழல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கும் பொருத்தம் இருந்தால் குழந்தை நன்றாக வளர்கிறது, பொருத்தம் குலைந்தால் சிக்கல் பிறக்கிறது. வகுப்பறை என்ற சூழலை அமைப்பவர் ஆசிரியர். ஆகவே பொருத்தத்தில் பாதி நம் கையில் இருக்கிறது.

அடையாளங்கள்

அறிவியல் ஆசிரியராக நான் வகுப்பில் கவனித்தவற்றை இந்தக் கருத்துகளோடு சேர்த்துப் பார்க்கும்போது ஐந்து பண்புகள் தெளிவாகத் தெரிகின்றன.

1. பேசிப் பேசியே சிந்திப்பார்கள். மற்றவர் மனத்துக்குள் சரிபார்த்துவிட்டுச் சொல்வதை இவர்கள் வாய்விட்டுச் சொல்லியே சரிபார்க்கிறார்கள். முதலில் வரும் தவறான பதில் அவர்களுக்கு ஒரு வெள்ளோட்டம்.

2. கை முந்தும். செய்முறைத் தாளைப் படிக்கும் முன்பே மின்கலத்தையும் கம்பியையும் எடுத்து இணைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

3. இப்போது, இங்கே நடப்பதில்தான் ஆர்வம். ‘ஆண்டுத் தேர்வில் உதவும்’ என்ற பேச்சு அவர்களை அசைக்காது. ‘மணி அடிப்பதற்குள் இந்த விளக்கு எரிய வேண்டும்’ என்றால் இறங்கிவிடுவார்கள்.

4. துணிந்து இறங்குவார்கள். இறைவணக்கக் கூட்டத்தில் பேச வேண்டிய மாணவர் வரவில்லை என்றால் தயாரிப்பே இல்லாமல் மேடை ஏறுவார்கள். மதில் ஏறிக் குதிப்பவர்களும் இவர்களே.

5. மனத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். காலையில் அடித்துக்கொண்டவரோடு மதிய உணவு வரிசையில் தோளில் கைபோட்டு நிற்பார்கள்.

நிறையும் குறையும் ஒரே வேரிலிருந்து வருவதை இந்தப் பட்டியலில் காணலாம். மேடை ஏற வைப்பதும் மதில் ஏற வைப்பதும் ஒரே துணிச்சல்தான். குறையைப் பிடுங்குவதாக நினைத்து வேரையே பிடுங்கிவிடக் கூடாது.

எங்கே இடறுகிறார்கள்?

ஏழாம் வகுப்பில் மின்சுற்று பற்றிய பாடம். நான்கு பேர் கொண்ட குழுவில் ஒரு மாணவர் இரண்டு விளக்குகளைத் தொடர் இணைப்பில் இணைத்தார். ஒளி மங்கலாக இருந்தது. யாரும் சொல்லாமலே கம்பிகளைப் பிரித்துப் பக்க இணைப்பாக மாற்றினார். இரண்டும் பளிச்சென்று எரிந்தன. “ஒன்ன கழட்டுனாலும் இன்னொன்னு எரியுது சார், நம்ம வீட்டு லைட்டு மாதிரி” என்றார். பக்க இணைப்பின் சாரமே அதுதான். ஆனால் அடுத்த வாரத் தேர்வில் இதே வினாவுக்கு அவர் எழுதியது ஒன்றரை வரி.

இந்த இடைவெளிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. தொடக்க வகுப்புகளில் செயல்வழிக் கற்றலும் எண்ணும் எழுத்தும் போன்ற முறைகளும் பாட்டு, விளையாட்டு, செய்துபார்த்தல் வழியாக இவர்களுக்கு இடம் தருகின்றன. வகுப்பு உயர உயர அந்த இடம் சுருங்குகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மூன்று மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்து எழுத வேண்டிய தேர்வு. தெரிந்ததைத் தாளில் காட்டக் கற்றுக்கொள்ளாத மாணவர் அங்கே ‘படிக்காதவர்’ என்று முத்திரை பெறுகிறார். சிறிது காலத்தில் அவரே அதை நம்பத் தொடங்குகிறார். பள்ளியை விட்டு வேலைக்குப் போகலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

என் வகுப்பில் பயன்தந்த சில வழிகளைப் பகிர்கிறேன். எதற்கும் தனிச் செலவு இல்லை.

*ஒருவரி ஊகம்.* செய்முறையில் கை வைப்பதற்கு முன், ‘என்ன நடக்கும்?’ என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும். எழுதியவருக்கே மின்கலம் கிடைக்கும். பத்து வரி கேட்டால் பொறுமை போய்விடும். ஒரு வரி என்றால் எழுதுவார்கள். செய்து பார்த்தபின் ஊகம் சரியா, ஏன் என்று இன்னும் இரண்டு வரிகள். செய்வதற்கு முன் நின்று யோசிக்கும் பழக்கம் இப்படித்தான் சிறிது சிறிதாக வருகிறது.

*சொல், பிறகு எழுது.* மேலே சொன்ன மாணவர் பக்கத்து மாணவரிடம் விடையை வாயால் சொல்வார். அவர் முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக் கொடுப்பார். அந்தச் சொற்களை வைத்து இவர் எழுதுவார். அந்த ஆண்டு இறுதியில் அவரது விடை ஒன்றரை வரியிலிருந்து ஆறேழு வரிகளாக வளர்ந்தது. பெரிய சாதனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தனக்குத் தெரிந்ததைத் தாளில் காட்ட முடியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

*மூன்று நொடி.* அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறை உரையாடல்களை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்ததைக் கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின. தாமாக முன்வந்து பதில் சொல்பவர்களின் எண்ணிக்கையும் கூடியது. “மூணு எண்ணுற வரைக்கும் யாரும் கை தூக்கக் கூடாது” என்பதை நான் வகுப்பு விதியாகவே வைத்திருக்கிறேன். முந்துபவருக்கு நிதானம் கிடைக்கிறது. அவரது வேகத்தில் வாய் மூடிப்போன அமைதியான மாணவருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. புறமுகக் குழந்தையைப் புரிந்துகொள்கிறோம் என்று வகுப்பையே அவரிடம் ஒப்படைத்துவிடக் கூடாது அல்லவா?

*முடிவுள்ள பொறுப்பு.* வகுப்புத் தலைவர் போன்ற பொதுவான பதவியைவிட, முடிந்ததா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும் வேலை இவர்களுக்குப் பொருந்தும். மழைமானி அளவைத் தினமும் காலையில் பலகையில் எழுதுவது, செய்முறைப் பொருள்களை எண்ணி எடுத்து, எண்ணித் திருப்பி வைப்பது போன்றவை. தொடங்கியதை முடிக்கும் பழக்கம் இவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

*தனியே திருத்தம்.* பலர் முன்னால் கண்டித்தால், பார்வையாளர் இருக்கிறார்கள் என்பதற்காகவே இவர்கள் பதில் பேசுவார்கள். வராந்தாவில் தனியே, சுருக்கமாக, நடந்த அன்றே சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். நீண்ட அறிவுரை பாதியிலேயே காற்றில் போய்விடும்.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, பெண் குழந்தைகள் பற்றியது. இதே இயல்பு ஆண் குழந்தையிடம் தெரிந்தால் ‘துறுதுறுன்னு இருக்கான்’ என்கிறோம். பெண் குழந்தையிடம் தெரிந்தால் ‘வாயாடி’, ‘அடக்கமில்லை’ என்கிறோம். வீட்டில் அடக்கப்படும் குரலுக்குப் பள்ளியாவது இடம் தர வேண்டும்.

இரண்டாவது, துறுதுறுப்பு எல்லாமே ஆளுமை இயல்பு அல்ல. எல்லாமே கோளாறும் அல்ல. கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டைக் கண்டறிய மருத்துவர்கள் சில அளவுகோல்களைப் பின்பற்றுகிறார்கள். அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதங்கள் நீடிக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே அவற்றில் சில தோன்றியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட்டு அன்றாட வாழ்வைப் பாதிக்க வேண்டும். விரும்பிய செயலிலும் நிலைக்க முடியாமல் ஒரு குழந்தை தவிப்பதைக் கண்டால் பெயர் சூட்டுவது நம் வேலை அல்ல. பெற்றோரிடம் பேசி, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமோ பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ தெரிவிப்பதே நம் வேலை. கலகலப்பாக இருந்த குழந்தை திடீரென ஒடுங்கிப்போனாலும், அமைதியான குழந்தை திடீரென முரட்டுத்தனம் காட்டினாலும் உடனே விசாரிக்க வேண்டும். இயல்பு அப்படி ஒரே வாரத்தில் மாறுவதில்லை, ஏதோ நடந்திருக்கிறது.

மூன்றாவது, தண்டனை. “நாலு போடு போடுங்க சார், அப்பதான் அடங்குவான்” என்று சொல்லும் பெற்றோரை நாம் எல்லாரும் சந்தித்திருக்கிறோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பெற்றோரின் அனுமதி அந்தத் தடையை நீக்காது. அந்தப் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது, அவர் பிள்ளை அந்த வாரம் செய்த நல்ல காரியம் ஒன்றை. பள்ளிக்கு அழைத்தாலே புகார்தான் என்று வந்தவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். அதன்பின் வீட்டில் அவர் எப்போது நிதானமாக இருக்கிறார், எதில் நேரம் போவது தெரியாமல் மூழ்குகிறார் என்று கேட்டால் நமக்குத் தேவையான தகவல் கிடைக்கும்.

இந்தக் கல்வியாண்டு முடிந்து வகுப்பை ஒப்படைக்கும்போது, அடுத்த ஆசிரியரிடம் பட்டப்பெயருக்குப் பதிலாக இரண்டு வரிகள் எழுதிக் கொடுங்கள். ‘செய்துகாட்டச் சொன்னால் புரிந்துகொள்வார். எழுதும் முன் வாயால் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள்.’ இவ்வளவு போதும். ஜூன் மாதத்தில் அந்தக் குழந்தை புதிய வகுப்பறைக்குள் நுழையும்போது, அதன் இயல்பை அறிந்த ஓர் ஆசிரியர் அங்கே இருப்பார்.