கெட்டுப்போன கிணற்று நீரை நுண்ணுயிர்கள் சுத்தம் செய்யுமா?

ஆவடி - பூவிருந்தவல்லி சாலையில் உள்ள பருத்திப்பட்டு ஏரியில் பல ஆண்டுகளாக ஆவடிப் பகுதியின் சாக்கடை நீர் கலந்து வந்தது. பிறகு ஏரியைச் சீரமைத்து, கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்து, 2019ஆம் ஆண்டு பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். ஏரி தெளிந்தால் அக்கம்பக்கத்துக் கிணறுகளும் தெளிந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், ஏரி நீர் ஒரு மழைப் பருவத்தில் மாறிவிடும். நிலத்தடி நீர் அப்படி மாறுவதில்லை. மண்ணுக்குள் இறங்கிய நீர் ஆமை வேகத்தில்தான் நகரும். முன்பு இறங்கிய கழிவு, மேலே சாக்கடை நின்ற பிறகும் பல ஆண்டுகள் அடியில் தங்கியிருக்கும்.

இதனால்தான், நகரை ஒட்டிய கிராமங்களில் கீரை, பூ, நெல் பயிரிடும் சிறு விவசாயிகள், "நுண்ணுயிர்க் கலவையைக் கிணற்றில் ஊற்றினால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்கிறார்களே, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். நுண்ணுயிர்களால் சிலவகை மாசுகளை நீக்க முடியும் என்பது உண்மை. ஆனால் எல்லா மாசையும் நீக்க முடியாது. புட்டியில் வாங்கிக் கிணற்றில் ஊற்றுவதாலும் அது நடப்பதில்லை.

மண்ணுக்குள் இருக்கும் வேலையாட்கள்

குப்பைக் குழியில் போட்ட சாணமும் சருகும் சில மாதங்களில் மக்கிய உரமாவது நுண்ணுயிர்களின் வேலை. அவை கழிவைத் தின்று வாழ்கின்றன. அதே இனத்தவை நிலத்தடி நீர் ஓடும் மணலிலும் பாறை இடுக்கிலும் ஏற்கனவே இருக்கின்றன. அவை வேலை செய்ய உணவு வேண்டும். சிலவற்றுக்குக் காற்று வேண்டும், சிலவற்றுக்குக் காற்று இருக்கக் கூடாது. தழைச்சத்து, மணிச்சத்து ஆகியவையும் கொஞ்சம் தேவை. பெரும்பாலான இடங்களில் குறைவாக இருப்பது நுண்ணுயிர் அல்ல. அது வேலை செய்வதற்கான வசதிதான்.

சாக்கடையால் வரும் நைட்ரேட்

சாக்கடை, கழிப்பறைக் குழி, சாணக் குழி, அளவுக்கு மீறி இட்ட யூரியா ஆகிய எல்லாவற்றிலிருந்தும் நிலத்தடி நீரில் சேர்வது நைட்ரேட். இதற்கு நிறமோ வாடையோ இல்லை. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேற்பட்ட நீரில் பால் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். காய்ச்சினால் நைட்ரேட் போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடும்.

தண்ணீர் நிற்கும் நெல் வயலில் யூரியாவைத் தூவினால் ஒரு பகுதி வீணாவதை விவசாயிகள் அறிவார்கள். அதற்கு ஒரு காரணம், காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைச் சிதைத்துத் தழைச்சத்தை வாயுவாக வெளியேற்றிவிடுவது. வயலில் இது நஷ்டம். நிலத்தடி நீரைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் இதுவே லாபம். அமெரிக்காவில் அயோவா மாநில மக்காச்சோள விவசாயிகள் சிலர், வயல் வடிகால் முடியும் இடத்தில் பள்ளம் வெட்டி மரச்சில்லுகளை நிரப்பி வைக்கிறார்கள். வடிநீர் அதன் வழியே செல்லும்போது, மரச்சில்லை உணவாகக் கொண்ட பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வாயுவாக்கி விடுகின்றன.

நம் விவசாயிக்கு இதைவிடச் சுலபமான வழி உண்டு. நைட்ரேட் கலந்த நீர் பயிருக்கு உரநீர். 45 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள நீரில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் தழைச்சத்து உள்ளது. ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் நீர் பாய்ச்சினால் சுமார் 2 லட்சம் லிட்டர். அதில் 2 கிலோ தழைச்சத்து. பத்துத் தண்ணீர் பாய்ச்சினால் 20 கிலோ. இது 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ள சத்துக்கு ஏறக்குறைய சமம். இதைக் கணக்கில் கொள்ளாமல் வழக்கமான யூரியாவையும் இட்டால் பணமும் விரயம், கிணறும் மேலும் கெடும், நெல்லில் பூச்சியும் சாய்வும் கூடும்.

எண்ணெய்க் கசிவு

சென்னை தண்டையார்பேட்டையில் 2013ஆம் ஆண்டு பூமிக்கடியில் சென்ற எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டு, வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் கலந்த நீர் வந்தது. பெட்ரோலும் டீசலும் பாக்டீரியாக்களுக்கு நல்ல உணவு. ஆனால் அவற்றைத் தின்னக் காற்று தேவை. நிலத்தடியில் அது குறைவு. எனவே மிதக்கும் எண்ணெயை முதலில் இறைத்து எடுத்துவிட்டு, மீதிக்கு மண்ணுக்குள் காற்றைச் செலுத்துவதே முறை.

நம் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா ஒன்றை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை உண்டு என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆனால் 1989இல் அலாஸ்காவில் கப்பல் உடைந்து கடற்கரையெங்கும் எண்ணெய் படிந்தபோது கைகொடுத்தது வேறு வழி. அங்கேயே இருந்த நுண்ணுயிர்கள் பெருகுவதற்காகக் கரையில் உரம் இட்டார்கள்.

குரோமியம்

ராணிப்பேட்டையில் 1970களின் நடுவிலிருந்து சுமார் இருபது ஆண்டுகள் இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை மூடப்பட்ட பிறகும், ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் குரோமியம் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது. குரோமியத்தில் இரண்டு வடிவங்கள் முக்கியமானவை. ஒன்று நீரில் எளிதில் கரைந்து ஓடும்; நச்சு மிக்கது. மற்றது பெரும்பாலும் கரையாமல் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், நச்சு குறைவு. மொலாசஸ் எனப்படும் கழிவுப்பாகு போன்ற உணவை நிலத்தடியில் செலுத்தினால், அங்குள்ள பாக்டீரியாக்கள் முதல் வடிவத்தை இரண்டாவதாக மாற்றும். எண்ணெயைப் போலக் குரோமியம் மறைந்துவிடுவதில்லை. மண்ணிலேயே அடைபட்டு நிற்கிறது. மேலே குவியல் இருக்கும்வரை கீழே செய்யும் வேலை ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது போலத்தான்.

உப்புக்கு நுண்ணுயிர் மருந்தல்ல

தோலைப் பதப்படுத்தப் பயன்படும் சாதாரண உப்பை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்ப்பதில்லை. வேலூர் வட்டாரத் தோல் ஆலைகள் குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு குறிப்பிடப்பட்டுள்ளது. அதன்படி சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனது. உப்பு ஏறிய நிலத்துக்கு நல்ல நீர் தேக்கி வடிப்பது, மழைநீரை இறக்குவது, உப்பைத் தாங்கும் பயிர் இரகங்களைப் பயிரிடுவது ஆகியவைதான் வழி.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. முதலில் நீரைப் பரிசோதிக்க வேண்டும். மோட்டாரை 15 நிமிடம் ஓடவிட்டு, அதே நீரில் கழுவிய சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் ஒரு லிட்டர் எடுத்து, அன்றே ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். நைட்ரேட், உப்பு இரண்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆலை அருகில் இருந்தால் குரோமியத்தையும் பார்க்க வேண்டும். மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை பார்ப்பது நல்லது.

2. கழிப்பறை உறிஞ்சு குழி, சாணக் குழி ஆகியவை கிணற்றிலிருந்து குறைந்தது 60 அடி தள்ளி, நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும்.

3. சாணக் கரைசல், வெல்லக் கரைசல், நுண்ணுயிர்க் கலவை எதையும் கிணற்றில் ஊற்றக் கூடாது. நீரில் உள்ள பிராணவாயு தீர்ந்து, நீர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வீசும். பிளீச்சிங் பவுடர் நோய்க்கிருமிகளைக் கொல்லும். ஆனால் நைட்ரேட்டை நீக்காது.

4. நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரைப் பாசனத்துக்கு வைத்துக்கொண்டு, குடிப்பதற்கும் குழந்தைகளுக்கும் வேறு நீரைப் பயன்படுத்த வேண்டும். நீரில் வரும் தழைச்சத்தைக் கணக்கிட்டு மேலுரத்தைக் குறைக்க வேண்டும்.

5. எஞ்சின் அருகே டீசல் சிந்தினால் அந்த மண்ணை உடனே வெட்டி எடுத்து, கிணற்றிலிருந்து தள்ளி, தார்ப்பாயின் மேல் பரப்ப வேண்டும். மக்கிய தொழுவுரம் கலந்து, ஈரம் காயாமல் வாரம் ஒரு முறை கிளறி, மழைக்கு மூடி வைத்தால் சில மாதங்களில் மண்ணின் நுண்ணுயிர்கள் டீசலைப் பெருமளவு சிதைத்துவிடும்.

பெரிய அளவில் நிலத்தடி நீரைச் சுத்திகரிப்பது தனி விவசாயியால் ஆகும் காரியமல்ல. கெடுத்தவர்களும் அரசும் செய்ய வேண்டியது. ஆனால் பரிசோதனை முடிவு கையில் இருந்தால்தான் ஊரார் சேர்ந்து அதைக் கேட்க முடியும். திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள் மேலும் விவரங்களுக்குத் திரூரில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகலாம். புட்டிக்குச் செலவிடும் பணத்தை முதலில் பரிசோதனைக்குச் செலவிடுங்கள்.