முதுகில் ஒரு குடித்தனம்!

வடக்கனந்தல் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை. கல்வராயன் மலைக்குப் போகிற வழியில் தண்ணீர் பாட்டில் வாங்க நின்றேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதுகைப் பார்த்தார்.

"வெளிநாட்டுக்கா சார்?"

"இல்லீங்க, மலைக்கு. ஒரே நாள்."

"ஒரே நாளைக்கா?" என்று இன்னொரு முறை முதுகைப் பார்த்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தத் தராசுல கொஞ்சம் வைங்க, பார்ப்போம்."

வைத்தேன். 13 கிலோ 400 கிராம். "அரிசிச் சிப்பத்துல பாதிக்கு மேல சார்" என்றார், பில் போடுகிற குரலில். கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் 60 கிலோ. அதாவது என் உடம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் மூட்டையாக உட்கார்ந்திருந்தது. மலையேறுகிறவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு நாள் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. காட்டில் பல நாள் தங்குகிறவர்களுக்கே ஐந்தில் ஒரு பங்குதான் எல்லை. பி.காம். படித்தவனுக்கு இந்தச் சதவீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

பை என்னுடையது அல்ல. ஆபீஸ் நண்பனிடம் இரவல். 65 லிட்டர். (பையை லிட்டரில் அளப்பார்கள் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். பாலா ஊற்றப் போகிறோம்?) நண்பன் என்னைவிட அரை அடி உயரம். பை பெரிதாக இருந்தால் மனித மனம் சும்மா இருக்குமா? இடம் காலியாக இருக்கிறதே என்று கவலைப்பட்டு நிரப்ப ஆரம்பித்தேன். இரண்டு ஜீன்ஸ், கல்யாணத்தில் வந்த கம்பளிப் போர்வை, மூன்றடுக்கு டிபன் கேரியரில் எலுமிச்சை சாதம், குடை, இரண்டு பவர் பேங்க், பாட்டு கேட்க ஸ்பீக்கர், படிக்க ஒரு தடிப் புத்தகம். கல்வராயன் மலையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறவனை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நானும் பார்க்கவில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலைப்பாதை ஏறுகிறது. வெள்ளிமலை வரை பஸ். அதற்கு மேல் நடை. வனத்துறையிடம் சொல்லி அனுமதி வாங்கி, மலைக் கிராமத்துப் பெரியவர் ஒருவரை வழித்துணைக்கு ஏற்பாடு செய்திருந்தேன். (அனுமதி என்பது ஃபார்மாலிட்டி அல்ல. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்துபோனார்கள். மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிமுறைகள் வந்தது அதற்குப் பிறகுதான்.)

பெரியவருக்கு அறுபது வயதிருக்கும். போகிற வழியில் தங்கச்சி வீட்டில் கொடுப்பதற்காக ஒரு மூட்டை சாமை கொண்டு வந்திருந்தார். துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டினார். மூட்டையைத் தலையில் ஏற்றினார். நடக்க ஆரம்பித்தார். பேசவும் ஆரம்பித்தார். மழை, மரவள்ளி விலை, கடுக்காய், மருமகன் என்று எல்லாவற்றையும் பேசினார். நான் "ம்" கொட்டினேன். அதற்கு மேல் மூச்சு இல்லை.

இந்த ஆச்சரியம் எனக்கு மட்டும் வந்ததல்ல. கென்யாவில் தலைச்சுமை தூக்கும் பெண்களை ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, 1986-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் வைத்தாலும் அந்தப் பெண்களுக்குக் கூடுதலாக சக்தியே செலவாகவில்லையாம். 2005-ல் 'சயன்ஸ்' இதழில் நேபாளச் சுமைதூக்கிகளைப் பற்றி வந்தது. அங்கே ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதத்தைச் சுமக்கிறார்கள். நெற்றியில் ஒரு பட்டை, அதில் தொங்கும் கூடை. எல்லாம் சின்ன வயதுப் பழக்கம். நம்மால் முடியாது. நமக்குக் கழுத்து என்பது டை கட்டுவதற்கும் கம்ப்யூட்டரைப் பார்த்துக் குனிவதற்கும் மட்டுமே ஏற்பட்ட உறுப்பு.

ஆனால் அவர்கள் செய்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாரம் சதையில் இல்லை, எலும்பில் நிற்கிறது. முதுகுப் பையில் இதைச் செய்ய முடியுமா என்று யோசித்தவர்களில் முக்கியமானவர் டிக் கெல்ட்டி என்கிற அமெரிக்கர். மலையில் நடக்கும்போது, பைச் சட்டத்தின் அடிமுனைகளை பேன்ட்டின் பின் பாக்கெட்டுகளில் செருகிப் பார்த்தார்களாம். தோளில் இருந்த பாரம் சட்டென்று இடுப்புக்கு இறங்கிவிட்டது. 1952-ல் கலிபோர்னியாவில் அலுமினியச் சட்டம் போட்ட பைகளைச் செய்து விற்க ஆரம்பித்தார். தைத்தது அவர் மனைவி. இன்று உங்கள் பையில் தொங்குகிற இடுப்புப் பட்டைக்கு அந்த பேன்ட் பாக்கெட்தான் மூதாதை. 1967-ல் கிரெக் லோவ் என்பவர் சட்டத்தைப் பைக்குள்ளேயே ஒளித்து வைத்தார்.

வெளிச் சட்டப் பைகளை இன்றும் விடாமல் வைத்திருப்பவர்கள் அமெரிக்க, கனடா வேட்டைக்காரர்கள். சுட்ட மானைத் துண்டு போட்டுச் சட்டத்துக்கும் பைக்கும் நடுவே கட்டிக்கொண்டு வர வேண்டும். ஒரே நடையில் முடியாது, பல நடை. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. லைசென்ஸ் வாங்கி வேட்டையாடுகிற வழியும் 1991 திருத்தத்தோடு அடைபட்டது. எனவே இராணுவப் புள்ளி போட்ட பை வாங்கி மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போகாதீர்கள். மான் பயப்படாது. ஃபாரஸ்ட் கார்டு உங்களைச் சந்தேகப்படுவார்.

என் கதைக்கு வருகிறேன். இரவல் பையிலும் இடுப்புப் பட்டை இருந்தது. ஆனால் நண்பன் உயரத்துக்கு அமைந்த பட்டை எனக்குத் தொடையில் வந்து நின்றது. இறுக்கினால் நடக்க முடியவில்லை, தளர்த்தினால் முழுப் பாரமும் தோளில். ஒரு மணி நேரத்தில் வலது கை விரல்கள் மரத்துப் போயின. கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புகளைத் தோள்பட்டை வார் அமுக்கினால் இப்படி ஆகும். டாக்டர்கள் இதற்கு 'ரக்சாக் பால்ஸி' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அது எனக்கு ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தெரியும்.

வழியில் ஒரு ஓடை. முழங்கால் அளவுத் தண்ணீர், வழுக்குப் பாறை. பெரியவர் முன்னால் தாண்டிவிட்டார்.

"தம்பி, இடுப்புல கட்டியிருக்கிறத அவுத்துட்டு வா. வுழுந்தா மூட்டை உன்னத் தூக்கிட்டுப் போயிடும்."

"பரவால்லீங்க" என்றேன். படித்தவன் இல்லையா?

மூன்றாவது அடியில் கால் வழுக்கியது. முன்னால் விழுந்திருந்தால் கையை ஊன்றியிருப்பேன். பை பின்னால் இழுத்தது. மல்லாந்து விழுந்தேன். முழங்கால் ஆழம்தானே என்று நினைக்காதீர்கள், மல்லாந்தவனுக்கு அது மூக்குக்கு மேலே. பை பாறை இடுக்கில் சிக்கிக்கொள்ள, நான் கவிழ்த்துப்போட்ட ஆமை மாதிரி கையும் காலும் உதைத்தேன். இடுப்பு கிளிப்பைத் தேடினால் மரத்த விரல்களுக்கு அகப்படவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து வானம் தெரிந்தது. அது ரொம்ப அழகாக இருந்தது என்பது இப்போதும் ஞாபகம் இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

பெரியவர் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து என்னை நிமிர்த்தினார். திட்டவில்லை. "இருமு, நல்லா இருமு" என்றார். பிறகு கரைக்குப் போனார். போட்ட வேகத்தில் சாக்கின் ஓரம் பிரிந்து சாமை மணலில் கொட்டியிருந்தது. உட்கார்ந்து அள்ள ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்தேன். சாமை கடுகு மாதிரி சின்னத் தானியம். என் வலது கையால் ஒரு மணியைக்கூட எடுக்க முடியவில்லை. இடது கையால் மணலும் சாமையுமாக அள்ளிக் கொடுத்தேன். பணம் தருகிறேன் என்றதற்கு, "தங்கச்சி பொடைச்சுக்குவா. நீ கைய உதறிக்கினே இரு" என்றார். அதற்குப் பிறகு அந்த 65 லிட்டர் பையையும் அவரே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். சாமை மூட்டை என் தோளுக்கு வந்தது. அது என் பையைவிட லேசாக இருந்தது.

விரல்கள் சரியாக மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் வீட்டில் ஒரு கணக்கு எழுதினேன். பையில் போனதையெல்லாம் நிறுத்துத் தரம் பிரித்தேன். பயன்பட்டவை, சாப்பாடு தண்ணீர் சேர்த்து, 3 கிலோ 900. பயன்படவில்லை ஆனாலும் இருந்தே ஆக வேண்டியவை, டார்ச், மருந்து, விசில், 400 கிராம். வெறும் பை 2 கிலோ 300. மீதி 6 கிலோ 800, சுத்தமான வெட்டிச் சுமை. கூட்டிப் பார்த்தால் சரியாக 13.400. வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு டேலி ஆனது இந்தக் கணக்குதான்.

1955-ல் எம்மா கேட்வுட் என்று ஓர் அமெரிக்கப் பாட்டி இருந்தார். வயது 67, பதினொரு பிள்ளை பெற்றவர். அப்பலேசியன் மலைப்பாதையில் ஏறத்தாழ 2,050 மைல் தன்னந்தனியாக நடந்தார். கூடாரம் கிடையாது. கையால் தைத்த துணி மூட்டை ஒரு தோளில், காலில் கேன்வாஸ் ஷூ, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. நம்ம ஊர் மஞ்சப்பைக்கு அக்கா முறை. பாட்டி அளவுக்கு நான் போகச் சொல்லவில்லை. தண்ணீரில் மிச்சம் பிடிக்காதீர்கள், ஒரு லிட்டர் ஒரு கிலோ என்றாலும் இரண்டு லிட்டர் வேண்டும். ஆனால் பையை முதலில் வாங்கிவிட்டுச் சாமான் தேடாதீர்கள். சாமானைத் தரையில் பரப்பி, பாதியைப் பீரோவில் திருப்பி வைத்துவிட்டு, மீதி கொள்கிற பையை வாங்குங்கள். ஒரு நாளுக்கு 20, 25 லிட்டர் தாராளம். இரவு தங்கினால் 40. அறுபத்தைந்து லிட்டர், இமயமலைக்குப் போகிறவர்கள் சமாசாரம்.

கடையில் உயரம் கேட்பார்கள். உயரம் முக்கியமில்லை, முதுகு நீளம்தான் முக்கியம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். இடுப்பில் கை ஊன்றினால் கட்டைவிரலுக்கு அடியில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவே தையல்காரர் டேப்பை வைத்து மனைவியையோ ரூம் மேட்டையோ அளக்கச் சொல்லுங்கள். ஆறடி ஆசாமிக்குக் குட்டை முதுகும், குள்ளமானவருக்கு நீள முதுகும் இருக்கலாம். பட்டை அந்த எலும்பு விளிம்பின் மேல் உட்கார வேண்டும். தொப்பை மேல் கட்டினால் அது அரைஞாண் கயிறு, ஒன்றும் தாங்காது.

காலிப் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்ப்பது வீண். காலிப் பை எல்லாமே சுகம்தான். நாலைந்து கிலோவுக்கு எதையாவது உள்ளே போடச் சொல்லி, கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நடங்கள். ஊழியர் முறைப்பார், முறைக்கட்டும். எல்லா வாரையும் தளர்த்திவிட்டு முதலில் இடுப்பு, பிறகு தோள், கடைசியில் மார்பு என்று இறுக்குங்கள். தோளுக்கும் வாருக்கும் நடுவே விரல் சுலபமாகப் போக வேண்டும். முதுகில் வலை வைத்த பைகளில் காற்றோட்டம் உண்டு, வியர்க்காது. ஆனால் அந்த இடைவெளி பாரத்தை உங்களிடமிருந்து தள்ளி வைக்கிறது, பின்னால் இழுக்கும். நம்ம வெயிலுக்கு, பாரம் குறைவென்றால் வலை நல்லது. கனமான சாமான் அடியிலும் வேண்டாம், உச்சியிலும் வேண்டாம், தோள்களுக்கு நடுவே முதுகை ஒட்டி வையுங்கள். மழை உறையை நம்பாதீர்கள், தண்ணீர் முதுகு வழியாக உள்ளே போகும். சாமானையெல்லாம் கெட்டியான பாலித்தீன் பைக்குள் போட்டு அதைப் பைக்குள் வையுங்கள். ஓடை வந்தால் இடுப்பு கிளிப், மார்பு கிளிப் இரண்டையும் கழற்றிவிடுங்கள். இதை இரண்டு முறை படிக்கவும்.

போன மாதம் மறுபடி போனேன். 25 லிட்டர் பை, வெறும் எடை 600 கிராம். பெரியவரின் தங்கச்சிக்கு ஒரு புடவை எடுத்திருந்தேன், அதைத் தனியாகக் கையில் பிடித்துக்கொண்டேன். வடக்கனந்தலில் அதே மளிகைக் கடை. கேட்காமலே பையைத் தராசில் வைத்தேன். 4 கிலோ 900.

கடைக்காரர் தராசைத் தட்டிப் பார்த்தார். "என்னா சார், பஸ்ல பாதி சாமானை அடிச்சுட்டானுங்களா?"

"இல்லீங்க, வீட்லயே விட்டுட்டேன்."

"அப்பக் கடலை மிட்டாய் ஒரு பாக்கெட் எடுத்துக்கங்க. இருநூறு கிராம்தான்."

எடுத்துக்கொண்டேன்.