தீர்ப்புக்கு முன்னே சிறை

பெங்களூரின் நடுவே, சேஷாத்திரி சாலையில் இருந்த மத்தியச் சிறை 2000-ஆம் ஆண்டில் நகர்ப்புறத்துப் பரப்பன அக்ரகாரத்துக்கு மாற்றப்பட்டது. இடம் மாறியும் நெருக்கடி தீரவில்லை.

நாடெங்கும் இதே நிலைதான். 2022-ஆம் ஆண்டின் இறுதியில், இந்தியச் சிறைகளில் 100 பேருக்குரிய இடத்தில் 131 பேர் இருந்தனர். படுக்க இடமும் நீரும் மருத்துவமும் அந்த அளவுக்குச் சுருங்கும். அவர்களுள் நான்கில் மூவர் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள். ஜாமீன் உத்தரவு கிடைத்தும், பிணை நிற்க ஆளின்றி உள்ளே இருப்போரும் அவர்களில் உண்டு. பிழைப்புத் தேடி வேற்றூர் வந்த நமக்கு இஃது அயலார் துன்பமன்று.

1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, காவலில் உள்ள எவரும், வருமானம் எதுவாயினும், கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி கோரலாம். அத்தகைய குடும்பம் நம் தெருவில் இருப்பின், மாவட்ட ஆணைக்குழுவுக்கு வழிகாட்டுவோம். இயன்றால் நாமே பிணை நிற்போம்.